மூத்தவள் என்று ஒருத்தி

ஜூன் 4

இளையவளே,

நீ ஊர் போய்ச் சேர்ந்த விஷயத்தை வீட்டுக்காரம்மாதான் மேலே வந்து சொன்னார். நமக்கென்று போன் இல்லாத பாவத்துக்கு, நீ அவருக்குச் சொல்லி அவர் படியேறி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "உங்க அப்பாவுக்கு ஒரு பக்கம் இன்னும் அசையலையாம். பேச்சு மட்டும் பரவாயில்லையாம். மனசைத் தளர விடாதே மூத்தவளே" என்று என் தலையைத் தடவினார். எந்த அப்பா என்று ஒரு நொடி முழித்தேன். பிறகு சுதாரித்துக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

எல்லாம் நாமே இழுத்துவிட்டுக்கொண்டதுதான். வாடகைக்கு வீடு கேட்டு வந்த அன்று "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று அவர் கேட்டார். நீ யோசித்துக்கொண்டே நின்றாய், நான் பட்டென்று "அக்கா தங்கச்சி" என்றேன். உயரத்தைப் பார்த்து அவரே என்னை மூத்தவளாக்கிவிட்டார். உன்னைவிட இரண்டு வயது சின்னவள், இத்தனை வருஷமாக உனக்கு அக்கா வேஷம் போடுகிறேன்.

நீ இல்லாத வீடு நன்றாக இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாராவது திடீரென்று எட்டிப் பார்த்தால் ஆகட்டும் என்று இரண்டாவதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டோமே, அதில் இதுவரை துவைத்த துணிதானே படுத்திருந்தது. அதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு இப்போது நான் அதில் படுக்கிறேன். நம்முடைய கட்டில் எனக்கு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. சிரிக்காதே.

லேபில் வேலைக்குக் குறைவில்லை. ஊரில் உள்ள வாயெல்லாம் ஒரே மாதத்தில் பொக்கையாகிவிட்டதோ என்னவோ, பல் செட்டுக்கு அளவுகள் வந்து குவிகின்றன. காலையில் மெழுகு, சாயங்காலம் தேய்ப்பு. வீட்டுக்கு வந்து தும்மினால் "மூக்கைக் கழுவிட்டு வா" என்று விரட்ட ஆளில்லை.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனி.

மூத்தவள்


ஜூன் 13

அன்புள்ள மூத்தவளுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து அண்ணன் வாங்கிவிட்டான். பிரிக்கவில்லை, ஆனால் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "யாரு, உன் ரூம்ல இருக்கிற பொண்ணா? இங்க வந்து பத்து நாள்கூட ஆகலை, அதுக்குள்ள என்ன லெட்டரு?" என்றான். இனிமேல் உங்கள் லேபின் பெயர் அச்சடித்த உறையில் போட்டு அனுப்பு. பல் சம்பந்தப்பட்ட எதையும் இந்த வீட்டில் யாரும் ஆசையாகப் பிரிக்க மாட்டார்கள்.

அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி, சொல்ல மாட்டாள். அண்ணன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான் என்றாலும் காலையில் வந்து வாசலிலேயே நின்று "எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். அப்பா கண் அயரும் நேரத்தில் அச்சகத்திலிருந்து தபாலில் வரும் தாள்களைத் திருத்தி அனுப்புகிறேன். அந்த ஒரு வேலையாவது என்னோடு இருக்கிறது.

அவருக்குச் சாப்பாடுதான் பெரிய பாடு. வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் "பச்சைக் குழந்தையா நானு?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார். மூன்று முறை தள்ளினார். நான் மூன்று முறை தரையைத் துடைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் எனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறான். மனைவியை இழந்தவராம். "இந்த வயசில இதைவிட நல்ல இடம் யார் தருவா? அப்பா கண்ணை மூடறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்கிறான். நீ சிரிப்பாய் என்று தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இளையவள்


ஜூன் 20

இளையவளே,

நானும் சிரிக்கவில்லை. அந்த மனைவியை இழந்தவரிடம் சொல், உன்னுடைய அக்காவுக்குக் கோபம் வந்தால் ஆளையே கடித்துவிடுவாள், பல்லுக்கும் பஞ்சமில்லை என்று.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஊறவைத்த ரொட்டியைத் தள்ளிவிடுகிற மனுஷருக்கு ரொட்டி மேல் கோபம் இல்லை. மெல்ல முடியவில்லை என்பதுதான் கோபம். நான் செட்டு கட்டித் தந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் எங்கள் லேபுக்குத்தான் வேலை அனுப்புகிறார். அவரை வீட்டுக்கு வரவழைத்து வாய் அளவு எடுக்கச் சொல். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் ஒன்று. நான் ஒரு நாள் வந்துவிட்டுப் போகட்டுமா? காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறேன். தோழி என்று சொல். கூட வேலை செய்கிறவள் என்று சொல். பல் லேபிலிருந்து வந்திருக்கிற ஆள் என்று சொன்னால்கூடப் போதும், அது பொய்யும் இல்லை. வாசலில் நின்று உன்னைப் பார்த்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவேன்.

மூத்தவள்


ஜூலை 2

அன்புள்ள மூத்தவளுக்கு,

வேண்டாம். வராதே.

இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன், கடைசியில் இரண்டே சொல்தான் மிஞ்சியது. நீ வந்தால் நான் உன்னைப் பார்ப்பேன். நான் உன்னைப் பார்ப்பதை அண்ணன் பார்ப்பான். வீட்டில் என் முகம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் பழகிப்போயிருக்கிறது. உன்னைக் கண்டால் அது வேறு முகமாகிவிடும். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

டாக்டர் வந்து அளவு எடுத்துப் போனார். அப்பா அவருடைய விரலைக் கடித்துவிட்டார், ஈறால்தான். மூன்று நாள் கழித்து மெழுகு வைத்துக் கடிக்கச் சொன்னபோது மட்டும் ஒழுங்காகக் கடித்தார். "எதுக்கு இந்த வயசில சிங்காரம்?" என்று முனகினார், ஆனால் அம்மா அந்தப் பக்கம் போனதும் "எப்ப வரும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

இளையவள்


ஜூலை 14

இளையவளே,

உன் அப்பாவின் வாய் வந்து சேர்ந்தது. நீ வரவில்லை, நான் வரக் கூடாது, உன் அப்பாவின் வாய் மட்டும் பெட்டியில் சுற்றி ஜம்மென்று என் மேஜைக்கு வந்துவிட்டது.

கோபமாகத்தான் இருந்தேன். ஒரு வாரம் பதில் எழுதவில்லை, கவனித்தாயா? லேபில் என்னோடு வேலை செய்கிறவள் "உங்க தங்கச்சி எப்ப வருவா?" என்று கேட்டாள். "எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் நாள் முழுக்க அவளுக்கு அதை வேடிக்கைக்குச் சொன்னதாக நம்பவைக்கப் பாடுபட்டேன்.

பிளாஸ்டரில் வார்த்து எடுத்ததும் கோபம் கொஞ்சம் அடங்கியது. அவருடைய மேலண்ணம் உன்னுடையது மாதிரியே குறுகலாக, உயரமாக இருக்கிறது. ஒரு பக்கத்து எலும்பு நன்றாகத் தேய்ந்திருக்கிறது. பல் போன பிறகும் ரொம்ப நாள் பிடிவாதமாக அந்தப் பக்கம் வைத்தே மென்றிருக்கிறார். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. முன்பற்களை ரொம்ப வரிசையாக வைத்தால் கடையில் வாங்கின சிரிப்பாக இருக்கும் என்று ஒன்றை லேசாகத் திருப்பி வைத்தேன், உன்னுடையது மாதிரி. அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்தால் ஒத்துப்போகட்டும்.

நான் பார்க்காத மனுஷர். தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. ஆனால் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

மூத்தவள்


ஆகஸ்ட் 3

அன்புள்ள மூத்தவளுக்கு,

டாக்டர் போட்டுவிட்டுப் போனதும் அப்பா கண்ணாடி கேட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வறுத்த கடலை கேட்டார். "விக்கிக்குமே" என்று அம்மா பதறினாள். ஒன்றே ஒன்று கொடுத்தோம். கடக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"யாரு செஞ்சது?" என்று கேட்டார். "என் கூட ரூம்ல இருக்கிற பொண்ணுப்பா" என்றேன். நாக்கை உள்ளே சுழற்றிப் பார்த்துக்கொண்டார். "கெட்டிக்காரி" என்றார். அவ்வளவுதான். ஆனால் இந்த வீட்டில் உன்னைப் பற்றி ஒருவர் வாய்விட்டுச் சொன்ன முதல் சொல் அது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்போது தினமும் அம்மாதான் அதைக் கழட்டிக் கழுவி, ஜன்னலில் உள்ள பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைக்கிறாள். என்னைத் தொட விடுவதில்லை.

இன்னும் கொஞ்ச நாள்தான். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால் வந்துவிடுகிறேன்.

இளையவள்


ஆகஸ்ட் 24

இளையவளே,

நீ என்னோடு பேசாமல் இருக்கிறாய். எனக்குப் புரிகிறது. அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும், அதற்கு முன்னால் இங்கே நடந்தது தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு திட்டு.

நீ போன் செய்து வீட்டுக்காரம்மாவிடம் "அப்பா போயிட்டார், அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாயாம். வேறு என்ன சொல்ல முடியும் உன்னால்? ஆனால் அந்தம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அக்கா என்றால் அக்காவுக்கும் அப்பாதானே! லேபுக்கே ஓடி வந்து எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டு "அப்பா நம்மை விட்டுட்டுப் போயிட்டாரும்மா" என்று கதறினார். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் அவரவர் கையிலிருந்த மெழுகையும் கத்தியையும் கீழே வைத்தார்கள். அவர் என் அப்பா இல்லை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வேன்? சொன்னால் நீ யார்? நான் யார்?

வீட்டுக்காரர் காரை எடுத்துவிட்டார். வழியெல்லாம் அந்தம்மா என் கையை விடவில்லை. உங்கள் தெருமுனையில் இறங்கிக்கொள்கிறேன், தனியாகப் போகிறேன் என்றேன். "பெத்த அப்பனைப் பார்க்கப் போறதுக்குக் கூச்சம் என்ன கூச்சம்? வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் உள்ளே போயிருந்தது. ஜன்னலில் அந்தக் கிண்ணம். என்னை அறியாமல் "பல்லை ஏன் வைக்கலை? யாருமே ஏன் வைக்கலை? வைக்காம எப்படி அனுப்புவீங்க?" என்று கத்திவிட்டேன். எடுத்து வைக்கப் போனேன். தாடை இறுகிவிட்டிருந்தது. அதற்கு மேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்காரம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு "இப்பத்தான் எல்லாம் புரியுது. உங்க அப்பாவுக்கு நீ வேற ஒருத்தி வழியில பிறந்தவ. அதான் ஊர்ப்பக்கமே போகாம இருந்திருக்கே. அது உன் தப்பு இல்லம்மா" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. வாயில் மெழுகு வைத்து அடைத்த மாதிரி இருந்தது.

உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்துவிட்டேன். நீ அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் தோளைத் தொடக்கூட என்னால் முடியவில்லை.

மூத்தவள்


செப்டம்பர் 5

மூத்தவளுக்கு,

உனக்குத் தெரியாமல் இங்கே நடந்ததை நீயும் தெரிந்துகொள்.

வீட்டுக்காரம்மா காரில் ஏறுவதற்கு முன் என் சித்தியிடம் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். "மூத்த பொண்ணுக்கு ஒரு இடம் குடுத்து உட்கார வைக்கக்கூட இங்க யாருக்கும் மனசு வரலையே, இப்படியா ஒதுக்குவீங்க?" என்றாராம். சித்திக்கு அது போதும். "நான் அப்பவே நினைச்சேன். அவ பல்லுக்கு அடிச்சுக்கிட்ட மாதிரி பெத்த பொண்ணுகூட அடிச்சுக்கலியே" என்று ஆரம்பித்தவள்தான். உடலை எடுப்பதற்கு முன்பே அப்பாவுக்கு வெளியில் ஒரு குடும்பம் இருந்தது என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. உன் மூக்கு அவர் மூக்கேதானாம். நடைகூட அவர் நடையாம்.

வெளியூர் போனால் அம்மாவுக்கு ஒரு தகவல் சொல்லாமல் தூங்க மாட்டாரே, அந்த மனுஷர்.

அண்ணன் "அவ பங்கு கேட்டு வருவாளா?" என்று என்னைக் குடைகிறான். அவன் பார்த்த வரன் வீட்டில் "குடும்பம் சரியில்லை" என்று விலகிக்கொண்டார்கள். அந்த ஒன்றுக்காக மட்டும் நான் ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சுவிட்டேன். உடனே என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அம்மா அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "இத்தனை வருஷமா நீ அவகூடத்தான் இருந்திருக்கே. எனக்கு மறைச்சு. அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க, இல்ல?" பதில் சொல்ல முடியாமல் நின்றேன். நான் நின்றதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். இப்போது தட்டை நகர்த்தி வைக்கிறாள், என்னோடு சாப்பிடுவதில்லை.

ஏன் அழுதாய்? நான் அவர் பெற்ற மகள், எனக்கு அன்று அழுகை வரவில்லை. நீ வந்து எனக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போய்விட்டாய். நான் உன் மேல் கோபமாக இருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் உன்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து உன் மேல் சாய்ந்துகொள்ளத் தோன்றியது. அதுவும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இளையவள்


செப்டம்பர் 11

இளையவளே,

உன் அம்மாவிடம் சொல்லிவிடு. எல்லாவற்றையும்.

எழுதுவது சுலபம் என்று எனக்கும் தெரியும். சொன்னால் உன் அம்மா உன்னை வெளியே போ என்று சொல்லலாம். அல்லது கையைப் பிடித்துக்கொண்டு இனி எங்கேயும் போகாதே என்று உட்கார வைக்கலாம். அப்படி அழுதுகொண்டு கேட்டால் நீ இருந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? பயமாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் சாயங்காலம் விளக்குப் போட்டதும் என்னோடு பேச ஒரு ஆள்கூட இல்லை. ரேடியோவை வைத்துக்கொண்டு செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ வராவிட்டால் இதுதான் மிச்ச காலம் முழுக்க.

இருந்தாலும் சொல்லிவிடு. என் அப்பா நல்ல ஆரோக்கியமாக உயிரோடு இருக்கிறார். போன மாதம்கூட மார்க்கெட்டில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் என் படம் மாட்டியிருந்த இடத்தில் இப்போது வெறும் ஆணி மட்டும் இருக்கிறது என்று என் தம்பி சொன்னான். உன் அப்பா என்னைப் பார்க்காமலே கெட்டிக்காரி என்றார். எனக்கு நல்ல பெயர் கொடுத்த மனுஷருக்கு நான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

உன் அம்மா வேறு, இல்லாத ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் புருஷனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடு. அதற்குப் பிறகு நம்மை என்ன செய்கிறாளோ செய்யட்டும்.

மூத்தவள்


அக்டோபர் 1

அன்புள்ள மூத்தவளுக்கு,

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு, அன்றைக்கு வந்து அழுதவள் அப்பாவுக்கு மகள் இல்லை, அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை, அக்கா தங்கை என்று பொய் சொல்லித்தான் வீடு பிடித்தோம், அந்தப் பொய்தான் இங்கே வரை வந்துவிட்டது என்றேன். அம்மா என் வாயையே பார்த்தாள். "அப்ப அவர் ஒண்ணுமே பண்ணலியா?" என்றாள். "ஒண்ணுமே பண்ணலைம்மா." எழுந்து போய் அலமாரியைத் திறந்து படத்தை எடுத்துத் துடைத்து மாட்டினாள். அப்படியே நின்று வாய்விட்டு அழுதாள். அவர் போனதற்கு அவள் அன்றுதான் அழுதாள். நானும் அன்றுதான் அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் அவளுக்கு அடுத்த கேள்வி வந்தது. "அப்ப அவ யாரு? ரூம்ல கூட இருக்கிறவளுக்கு எதுக்கு அக்கான்னு பொய் சொல்லணும்?"

நாள் பூராவும் சொற்களைத் திருத்துகிறவள் நான். ஒரு சொல் கிடைக்கவில்லை. "அப்பா உனக்கு எப்படியோ, அவ எனக்கு அப்படிம்மா" என்றேன்.

அம்மா மடித்து வைத்த துணியை எல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள். அன்று பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. சமைத்தாள், எனக்குத் தட்டு வைத்தாள், ஜன்னல் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றினாள். ஆமாம், அதை இன்னும் தினமும் மாற்றுகிறாள். ஒரு நாள் மட்டும் "இது எப்ப இருந்து?" என்றாள். "உனக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்றுச் சித்தி வந்தாள். கூட இரண்டு பேர். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் "அக்கா, இன்னும் எத்தனை நாள் மூடி மறைப்பே? அந்தப் பொண்ணு அவர் பொண்ணா இல்லையா? இல்லைன்னா யாரு அவ? எதுக்கு வந்து அப்படி அழுதா?" என்று கேட்டுவிட்டாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை என்று அம்மா சொல்லிவிடப் போகிறாள், அடுத்த கேள்வி என்னைப் பற்றித்தான் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அப்பாவின் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, அவர் பொண்ணுதான். இப்ப அதுக்கு என்னங்கிறே?" என்றாள்.

சித்தி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவர்கள் போன பிறகு நான் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏம்மா? அப்பா பேரு..." என்றேன். முடிக்க விடவில்லை.

"அவருக்கு இனிமே வலிக்காது. நீ இருந்து வாழணும். ஒரு ஆம்பளை வெளியில பிள்ளை பெத்தான்னா இந்த ஊர் நாலு நாள் பேசும், அப்புறம் மறந்துடும். உன்னை மறக்காது." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். "அவர்கிட்ட தினமும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அது எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. நீ தலையிடாதே."

பிறகு சொன்னாள்: "நீ கிளம்பு. அவ அங்க ஒண்டியா இருப்பா. ஒண்டியா இருக்கிறது எப்படின்னு இப்ப எனக்குத் தெரியும்."

"உன்னை விட்டுட்டு எப்படிம்மா?" என்றேன். "அண்ணன் அடுத்த தெருவுலதானே இருக்கான்" என்றாள். அந்த வாசல் வரை வருகிற அண்ணனை வைத்து அவள் எனக்குத் தைரியம் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

உன்னை அவள் ஏற்றுக்கொண்டாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உன் பெயரை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அதை உன்னிடம் சொல்லச் சொன்னாள். இன்னும் இரண்டு வாரத்தில் கிளம்புகிறேன்.

இளையவள்


அக்டோபர் 8

இளையவளே,

உன் கடிதத்தை லேபிலேயே பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

சந்தோஷமா என்று கேட்டால் முழுசாக இல்லை. உன் அம்மா புருஷன் பேரைக் கொடுத்து உன்னை எனக்குத் தந்திருக்கிறாள். அதற்கு ஈடாக நான் சாகும்வரை அந்த வீட்டில் உனக்கு அக்காதான். ரூம்ல இருக்கிற பொண்ணு, அக்கா, வெளியில் பிறந்தவள். எனக்குக் கிடைத்த உறவெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. உன் அம்மாவிடம் ஒருத்தர் கேட்டு, அவள் நிமிர்ந்து, இவள் என் மகளுக்கு இன்னார் என்று சொல்லிக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அது நடக்காது. இருந்தாலும் அவளுக்கு இருந்த ஒரே சொத்தை அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிகிறது. ஆடுகிற பல்லை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல். நீ வந்து இரண்டு வாரம் கழித்து நாம் இரண்டு பேருமாகப் போவோம். வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வர மாட்டேன், உள்ளே வந்து அவள் வாயைப் பார்ப்பேன்.

நேற்று வீட்டுக்காரம்மா மேலே வந்தார். சுவரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பொண்ணுங்க இருக்கிற வீட்டுல அப்பா படம் ஒண்ணு இல்லையே" என்று வருத்தப்பட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எனக்காகத் தன் பெயரை இழந்த மனுஷருக்கு இந்த வீட்டில் ஒரு இடம்கூட இல்லை. அம்மாவிடம் கேட்டு அவர் படம் ஒன்று கொண்டு வா. நான் கட்டின பல்லோடு எடுத்தது இருக்காது, தெரியும். பொக்கை வாயாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த வாயைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது கட்டிலில் துவைத்த துணியை எல்லாம் பழையபடி போட்டுவிட்டேன். கீழேயிருந்து சுத்தியல் வாங்கி ஆணியும் அடித்துவிட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் இறங்கியிருக்கிறது. நீ வந்து பார்.

மூத்தவள்